ஆணுக்கு ஏது ஊடல் அறை?

ஆண்களைப் படுக்கையறையில், அரைகுறை உடையிலோ உடையே இல்லாமலோ, அவர்களே பணம் கட்ட, அவர்களுக்காகவே போட்டோ எடுத்துக் கொடுக்கும் தொழில் ஒன்று வந்திருக்கிறது. மேற்கே பெண்களுக்கென்று ஆரம்பித்தது. 'புத்வார்' போட்டோகிராபி என்று பெயர். இப்போது ஆண்களுக்கும். இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நம் வட்டத்து நண்பர்களிடம் இரண்டே விதமான எதிர்வினைகளைத்தான் கண்டேன். ஒரு சாரார் சிரித்தார்கள். தொப்பையையும் ரோஜா இதழையும் வைத்து ஆளுக்கொரு ஹாஸ்யம் சொன்னார்கள். மறு சாரார் முகம் சுளித்து, நுகர்வுக் கலாசாரத்தின் கடைசிக் கழிவு என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். சிரித்தவர்களுக்கும் சுளித்தவர்களுக்கும் ஒரு காரியத்தில் ஒற்றுமை. இருவருமே அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் தப்பிப்பதற்குத்தான் சிரிப்பும் தத்துவமும் அவர்களுக்குப் பயன்பட்டன. கவிதையில் உடல், உடலின் மொழி, உடலின் அரசியல் என்று பக்கத்துக்குப் பத்து முறை எழுதுகிறவர்கள் இவர்கள். அந்த உடல் எப்போதும் வேறொருத்தியுடையதாகவே இருந்துவந்திருக்கிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண் இப்படிப் படம் எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. எடுத்துக்கொண்டால் நல்லது என்றுகூடச் சொல்வேன். என் சண்டை அவனுக்கு இன்று விற்கப்படும் சரக்கோடு. கட்அவுட்டைக் கீழே இறக்கிக் கட்டிலில் கிடத்திப் படம் பிடித்து, அதை அந்தரங்கம் என்று விற்கிறார்கள்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். பிரெஞ்சில் 'புதே' என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, பிணங்குவது. அதிலிருந்து புத்வார்: பிணங்கியிருப்பதற்கான அறை. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மாளிகைகளில் சீமாட்டி தனித்து ஒதுங்கும் சிறு அறைக்கு இந்தப் பெயர். பிரெஞ்சுக்காரன் 1954 வரை புதுச்சேரியில் இருந்தும் இந்தச் சொல்லை நமக்கு விட்டுவிட்டுப் போகவில்லை. விட்டிருந்தாலும் நமக்கு அது உபரிதான். ஊடல் என்ற உரிப்பொருளுக்காக மருதம் என்று ஒரு திணையையே ஒதுக்கிவைத்தவர்கள் நாம். புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் இதற்கே. அங்கெல்லாம் பிணங்குகிறவள் பெண், வாசலில் நிற்கிறவன் ஆண். ஸ்ரீரங்கத்தில் பங்குனி உத்திரத்தின்போது நடக்கும் மட்டையடியிலும் கதவைச் சாத்துகிறவள் தாயார். வெளியே நிற்கிறவர் பெருமாள்.

ஆனால் தொல்காப்பியர் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார். பெண்ணின் ஊடல் தணிவிக்கும் எல்லையைக் கடந்து நீண்டால், அல்லது குறித்த இடத்தில் சந்திப்பு தவறினால், புலவியும் ஊடலும் தலைவனுக்கும் உரியவை என்கிறது கற்பியல். ஆணும் பிணங்கலாம், அதாவது, அவனும் இன்னொருவரின் பார்வைக்காகக் காத்துக் கிடக்கலாம், அது வராதபோது சுருங்கலாம். இலக்கணம் கொடுத்த இந்தச் சலுகையை இலக்கியம் அபூர்வமாகத்தான் எடுத்துக்கொண்டது. இன்று காமிராவும் கட்டிலும் வாடகைக்குக் கிடைக்கும்போதும் ஆண் அதை எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை என்பதுதான் நான் சொல்லவருவது.

ஆண் உடல் தமிழில் பார்க்கப்பட்டதே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். ஜான் பெர்ஜர் 1972இல் ஐரோப்பிய ஓவியத்தைப் பற்றிச் சொன்னது இது: பார்ப்பவன் ஆண்; தான் பார்க்கப்படுவதைத் தானே கவனித்துக்கொண்டிருப்பவள் பெண். அதை அப்படியே இங்கே இறக்கிவைத்துக் கட்டுரை பண்ணுவது மோஸ்தராகிவிட்டது. பெர்ஜர் ஐரோப்பாவைப் பற்றித்தான் பேசினார். நம்மவர்களுக்குத்தான் எல்லா ஊரும் ஐரோப்பா. சங்க அகப்பாட்டில் தலைவி ஓயாமல் பேசுவது தலைவனின் மார்பைப் பற்றி. ஆட்டனத்தி என்ற ஆடுகளத்து ஆணின் அழகை விரும்பிக் காவிரியே அவனைக் கவர்ந்துகொண்டுபோனதாகப் பரணர் பாடுகிறார். ஆதிமந்தி அவனைத் தேடி ஊரூராக அலைகிறாள். கம்பனின் உலாவியற் படலத்தில் மிதிலையின் தெருவே ராமனைப் பார்க்கிறது. இவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தானே என்று ஆட்சேபம் வரும். சரி. ஆண் தான் பார்க்கப்பட ஆசைப்பட்டான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் வேறென்ன வேண்டும்?

ஆகவே பார்க்கப்பட்டானா என்பது கேள்வி அல்ல. எப்படிப் பார்க்கப்பட்டான் என்பதுதான். நம்மிடம் இதற்கு இரண்டு கோலங்கள் இருக்கின்றன. ஒன்று உலா. ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்களுக்குப் பாடியது. அரசன் யானைமேல் வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் பார்த்து மெலிகிறார்கள், வளை கழல்கிறது, கலை நெகிழ்கிறது. அவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. பார்க்கப் பார்க்க அவன் அதிகாரம் ஏறிக்கொண்டே போகிறது. இன்னொன்று பள்ளி. திருப்பாணாழ்வாரின் அமலனாதிபிரான் பத்தே பாட்டு. பாதத்தில் தொடங்கி உடை, உந்தி, வயிறு, மார்பு, கழுத்து, வாய், கண் என்று படுத்திருக்கும் ஓர் ஆணின் உடம்பின் மேல் இன்னோர் ஆணின் கண் மெல்ல ஏறுகிறது. பார்க்கிறவர் கோயிலுக்குள் கால்வைக்க விடப்படாத குலத்தில் வளர்ந்தவர் என்கிறது குருபரம்பரை. பார்க்கப்படுகிறவரோ அசையாமல் தம்மைப் பார்க்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் குன்றில் ஏறிக் குடைவரைக்குள் படுத்திருக்கும் ரங்கநாதரைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ராஜா படுப்பதில்லை. கடவுளுக்குத்தான் படுத்திருக்கும் துணிச்சல் இருந்தது.

மரபைக் காட்டிப் புதியதற்குச் சான்றிதழ் வாங்குவது பண்டிதர்களின் உத்தியோகம். எனக்கு வேண்டியது இந்த வேறுபாடு மட்டும்தான். உலாவில் ஆண் உடல் பிறரை மெலிய வைக்கிறது. பள்ளியில் அது தன்னை ஒப்புக்கொடுக்கிறது.

போட்டோ வந்தபோது ஆணுக்கு உலாவை மட்டுமே எடுத்துக் கொடுத்தது. புதுச்சேரிப் பக்கத்து வீடுகளில் சொல்தாக்களின் படங்களைப் பார்க்கலாம். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சீருடை, பதக்கம், விறைத்த கழுத்து. வரைந்த திரைக்கு முன் நாற்காலியில் உட்கார்ந்த கணவன், பக்கத்தில் நிற்கும் மனைவி. இப்படிப்பட்ட தமிழ் ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு தேடித் திரட்டிப் பாதுகாத்திருக்கிறது, நல்ல காரியம். பழைய ஸ்டுடியோப் படங்களில் ஒரே ஒரு விரிசல் உண்டு. இரண்டு சிநேகிதர்கள் ஒரே பெஞ்சில், ஒருவன் கை மற்றவன் தொடைமேல், ரொம்ப சகஜமாக. அந்தக் கை பிற்பாடு எங்கேயோ போய்விட்டது.

நான் வங்கியில் எழுத்தன். என் மேஜையில் பாஸ்போர்ட் சைஸ் படங்கள் நாள் முழுக்க வந்து விழுகின்றன. திருபுவனை, மதகடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் ஆண்கள். நூற்பாலையிலும் தொழிற்பேட்டைக் கம்பெனிகளிலும் கரும்புக் கொல்லையிலும் தேய்ந்த உடம்புகளின் மேல்பகுதி மட்டும். ஓர் ஆணின் ஆயுளில் அவனைப் படம் எடுக்கும் சந்தர்ப்பங்களை எண்ணிப் பாருங்கள்: பரீட்சைக்கு, வேலைக்கு, கல்யாணத்துக்கு, கட்சி பேனருக்கு, கடைசியில் கண்ணீர் அஞ்சலிக்கு. அந்தக் கடைசிப் படமும் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கியதாகத்தான் பெரும்பாலும் இருக்கிறது. எல்லாமே ஏதாவது ஒரு அலுவலகத்துக்காக. செல்போன் வந்து எல்லோரும் எந்நேரமும் தன்னைத் தானே எடுத்துக்கொள்கிறார்கள் என்பீர்கள். எடுக்கிறார்கள். பைக் மேல், அருவி முன்னால், தலைவர் பக்கத்தில். அதுவும் உலாதான், யானைதான் மாறியிருக்கிறது.

தமிழ்நாட்டின் மிகப் புகழ்பெற்ற படுக்கைப் படம் ஓர் ஆணுடையது என்பதை நம் உடல்-விமர்சகர்கள் யாரும் கவனிக்கவில்லை. 1967 ஜனவரி 12ஆம் தேதி எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. கட்டுப்போட்ட கழுத்தோடு ஆஸ்பத்திரியில் எடுத்த படம் சுவரொட்டியாகி ஊரெல்லாம் போனது. பிரசாரத்துக்கு வராமலே பரங்கிமலையில் ஜெயித்தார், தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. சண்டைக் காட்சிகளில் யாருக்கும் தோற்காத உடம்பு முதல் தடவையாகக் காயப்பட்டதாக, பிறர் பரிவை எதிர்பார்ப்பதாகத் தெரிந்தது. ஜனங்கள் அதைச் சிரிக்கவில்லை, அழுதார்கள். ஆனால் அந்த நெகிழ்ச்சியும் உடனே ஓட்டாகப் பரிவர்த்தனை செய்யப்பட்டு, படுத்த உடம்பு மறுபடி கட்அவுட்டாக எழுந்து நின்றுகொண்டது. பள்ளி ஒரு நொடி தோன்றி உலாவுக்குள் மறைந்த கதை அது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதும் நாம் யார் என்று சொல்லும். 1995இல் ஒரு காலணி விளம்பரத்தில் மிலிந்த் சோமனும் மது சப்ரேயும் ஒரு மலைப்பாம்பைச் சுற்றிக்கொண்டு உடையில்லாமல் நின்றார்கள். வழக்கு 2009 வரை இழுத்து விடுதலையில் முடிந்தது. 2022 ஜூலையில் ரன்வீர் சிங் ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்கு நிர்வாணமாகப் படம் கொடுத்தார். பர்ட் ரெனால்ட்ஸ் 1972 ஏப்ரலில் காஸ்மோபாலிட்டன் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் கரடித்தோல் மேல் படுத்திருந்த படத்துக்குச் செய்த வந்தனம் அது. (ரெனால்ட்ஸ் பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டார்.) மும்பை செம்பூர் போலீஸ் வழக்குப் பதிந்தது. சேர்த்த பிரிவுகளில் ஒன்று இந்திய தண்டனைச் சட்டம் 509: பெண்ணின் மானத்தை அவமதித்தல். இதற்கு எதிரே வையுங்கள் இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவை. ஒளிந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் அதில் குற்றம். பார்க்கப்படுவது பெண்ணாக இருந்தால் மட்டும். பழைய 354-சியும் இப்படியேதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ மட்டும் யாருடைய அந்தரங்கத்தைச் சம்மதமில்லாமல் படமெடுத்தாலும் மூன்று வருஷம் வரை சிறை என்கிறது. ஆக நம் சட்டத்தின் பொதுப்புத்தி இது: ஆணின் நிர்வாணம் ஓர் ஆயுதம். அது பிறரைக் காயப்படுத்தும். அதைக் காயப்படுத்த முடியாது.

முடியும் என்பதைக் கவுன்டருக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்க்கிறேன். வீடியோ அழைப்பில் மாட்டவைத்து, பதிவுசெய்து, மிரட்டிப் பணம் பறிக்கிறவர்களுக்கு அனுப்பப் படிவம் நிரப்புகிற ஆண்கள். காரணம் கேட்டால் ஆஸ்பத்திரிச் செலவு என்பார்கள். 1930க்குப் போன் செய்யுங்கள் என்றால், பணம் போனால் போகட்டும் சார் என்பார்கள். அவமானப்பட ஓர் உடம்பு தனக்கு இருக்கிறது என்பதை மிரட்டுகிறவன் சொல்லித்தான் முதன்முதலாக அறிந்த முகங்கள் அவை. இந்த நிலையில், ஓர் ஆண் தானே விரும்பி, பயமில்லாமல், தன் உடம்பைப் பார்க்கக் கொடுப்பது சில்லறை விஷயமா?

இனி தொழிலுக்கு வருகிறேன். அமெரிக்காவில் இதற்கு 'டூட்வார்' என்று கேலிப் பெயர் வைத்திருக்கிறார்கள். தடியர்கள் பெண்களின் போஸ்களை நகலெடுத்துப் படுத்திருக்கும் படங்கள் அங்கே ஹாஸ்யமாகச் சுற்றுகின்றன. தன்னை யாராவது பார்த்துவிடுமுன் தானே சிரித்துவிடும் தந்திரம் இது. கேலி செய்யாதவர்களோ 'நம்பிக்கை' விற்கிறார்கள்: உன் உடம்பை நேசி, உன் பலத்தை உணர். எண்ணெய் பூசிய வயிறு, பக்கவாட்டு வெளிச்சம், முறைக்கும் கண். உடற்பயிற்சிக் கூடத்தின் ரசீது அது. படுக்கை விரிப்புக்குப் பதில் போர்க்களம் இருந்தாலும் அந்த முகத்தில் ஒரு மாறுதலும் இராது.

எங்கள் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவரிடம், பெயர் வேண்டாம், இரண்டொரு பையன்கள் இப்படிக் கேட்டு வந்திருக்கிறார்கள். எடுத்தும் கொடுத்தார். திருப்தி இல்லை. காரணத்தை அவரே சொன்னார்: "பொம்பளைங்களுக்குப் போஸ் சொல்லிடலாம் சார். ஆம்பளைய எங்க பாக்கச் சொல்றதுன்னுதான் தெரியல." நம் பல்கலைக்கழகங்களில் இந்த விஷயத்தைப் பற்றி இவ்வளவு துல்லியமான ஒரு விமர்சன வாக்கியம் எழுதப்பட்டதாக எனக்குத் தெரியாது. லென்ஸை நேராகப் பார்த்தால் அடியாள். மேலே பார்த்தால் கட்சித் தலைவர். கீழே பார்த்தால் குற்றவாளி. தன்னைப் பார்க்கும் ஒருவரைத் தானும் பார்த்துக்கொண்டு, ஆனால் ஜெயிக்க நினைக்காமல் இருக்கும் கண்ணுக்கு நம் ஆண்களிடம் பயிற்சி இல்லை. ஊடத் தெரியாதவனுக்கு ஊடல் அறை எதற்கு?

2022இல் ரன்வீர் சிங்கின் படங்கள் வந்த கையோடு தமிழ் நடிகர் விஷ்ணு விஷாலும் படுக்கையில் உடம்பைப் போர்வையால் மறைத்த படங்களை வெளியிட்டார். எடுத்தவர் அவர் மனைவி, இறகுப்பந்து வீராங்கனை ஜுவாலா கட்டா. புழக்கத்தில் இருக்கும் போக்கில் தானும் சேர்ந்துகொள்வதாகத்தான் அவர் எழுதினார். ஆனால் அதில் ஒரு விஷயம் இருந்தது. ஒரு பெண் காமிராவுக்குப் பின்னால் இருந்தாள். அவள் பார்க்க, அவன் பார்க்கப்பட்டான். ஆதிமந்தி கையில் காமிரா வந்தது போல. அதை வெளியே வைத்துவிட்டதால் அது உடனே நட்சத்திரச் செய்தியாகிவிட்டது. வெளியிடாமல் இருந்திருந்தால் அதுதான் உண்மையான புத்வார் படமாக இருந்திருக்கும்; நமக்குத் தெரிந்திருக்காது என்பதே அதன் தகுதி.

கலை என்றால் வேறு, கடை என்றால் வேறு என்று ஒரு பேச்சு வரும். கொழும்பின் லயனல் வெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1900இல் பிறந்து 1944இல் இறந்தவர். வழக்கறிஞர் படிப்பு, பியானோ வித்வான், இலங்கையின் '43 குழு ஓவியர்களுக்கு அச்சாணி. ஆண் உடம்பை அவ்வளவு கனிவோடு தெற்காசியாவில் அதற்குமுன் யாரும் படம் எடுத்ததில்லை என்பேன். ஆனால் அந்த உடம்புகளில் பல உழைப்பாளிகளுடையவை. பார்க்கிறவருக்குப் பெயர் இருக்கிறது, பார்க்கப்படுகிறவனுக்கு இல்லை. சுனில் குப்தா 1986-87இல் டெல்லியின் ஓரினக் காதலர்களை எடுத்த படங்களில் முகங்கள் திரும்பியிருக்கின்றன. 377ஆம் பிரிவு 2018 வரை அவர்கள் தலைமேல் தொங்கிற்று. கலை என்ற பெயர் இவர்கள் யாருக்கும் உத்தரவாதம் தரவில்லை. கடையில் ஒரு காரியமாவது நேராக இருக்கிறது. பார்க்கப்படுகிறவனே பணம் தருகிறான். படம் அவனுக்கே சொந்தம். எதைக் காட்டுவது, யாரிடம் காட்டுவது என்று சொல்ல அவனுக்குத்தான் வாய் இருக்கிறது. கலைஞனின் கருணையைவிட வாடிக்கைக்காரனின் ரசீது சில சமயம் கௌரவமானது.

கடைசி ஆட்சேபம், கிராமத்துக்கு இதெல்லாம் எதற்கு என்பது. திருபுவனையின் வரதராசப் பெருமாள் கோயில் கல்வெட்டு ஒன்று, 1048இல் ராஜாதிராஜன் காலத்தில், 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி இங்கே நடந்ததைச் சொல்கிறது. நுட்பமான விஷயங்கள் நகரத்துக்கு மட்டும் என்று யார் பிரித்துக் கொடுத்தது? உடம்பு நகரத்தில் மட்டும் இருக்கிறதா? மில் வேலையில் முதுகு வளைந்தவன், பிரசவத் தழும்பைப் போல ஒரு அறுவைத் தழும்பை லுங்கிக்குள் மறைத்து வாழ்கிறவன், நாற்பதில் மயிர் கொட்டியவன், இவர்களுக்குத்தான் இந்தப் படம் தேவை. வரிவரியாய் வயிறு வைத்திருப்பவனுக்குக் கண்ணாடி போதும்.

ஆகவே, எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது: எண்ணெயைக் கீழே வையுங்கள். பெண்களுக்கு விற்ற போஸ்களை மீசை ஒட்டி மறுபடி விற்காதீர்கள். முதல் ஒரு மணி நேரம் காமிராவை எடுக்காதீர்கள். அவன் இறுக்கம் தளர்ந்து, மூச்சு வயிற்றுக்கு இறங்கி, வயிறு சரிந்து, தான் எப்படித் தெரிகிறோம் என்ற கவலை களைத்துப்போகும்வரை பொறுங்கள். படங்களைச் செல்போனில் அனுப்பாதீர்கள். கையில் கொடுத்துவிட்டு உங்கள் பிரதியை அவன் கண் முன்னால் அழியுங்கள். சிரித்த நண்பர்களுக்குச் சொல்வது: உங்கள் காதல் கவிதைகளில் நீங்கள் எங்கே படுத்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி காட்டுங்கள். அவள் கழுத்து, அவள் இடை, அவள் கூந்தல் எல்லாம் வந்தாயிற்று. யானையைவிட்டு இறங்கி, உங்கள் முறைக்குப் படுங்கள். பார்க்கட்டும்.